கணக்கு கேட்க நீ யார்?

வாசகி கேள்வி:

அண்ணாச்சி, எங்கள் தாத்தா 1991-ல் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய் பாயும் நஞ்சை 3 ஏக்கர், அம்பாசமுத்திரத்தில் அடுத்தடுத்து இரண்டு கடை, பேங்கில் கொஞ்சம் டெபாசிட். இதில் வரும் வருமானத்தில் பேரன் பேத்தி எல்லாரும் படிக்க வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும். கடைசிப் பேரப்பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது கடையின் வாடகை மட்டும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் பானக்காரமும் மோரும் கொடுக்க.

பெரியப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் டிரஸ்டிகள். தாத்தா 1998-ல் தவறிவிட்டார். கடைசித் தம்பிக்கு 2017-லேயே பதினெட்டு ஆகிவிட்டது. இன்றுவரை எதையும் பிரிக்கவில்லை. 2014-ல் டெபாசிட் 3 லட்சத்தை எடுத்துப் பெரியப்பா தன் ஹார்டுவேர் கடையில் போட்டுவிட்டார். அந்தக் கடையும் டிரஸ்ட் கட்டடத்தில்தான், வாடகை 2,000 ரூபாய். பக்கத்துக் கடைக்காரர் 9,000 கொடுக்கிறார். 2016-ல் நஞ்சையில் 60 சென்டைத் தன் மச்சினனுக்கே கிரயம் எழுதிக் கொடுத்தது போன வருடம்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "ஏளா, கணக்கு கேக்க நீ யாரு? பத்து வருஷம் ஆச்சு, இனிமே ஒண்ணும் செல்லாது" என்கிறார். 2013-ல் என் கல்யாணத்துக்கு 50,000 கொடுத்தபோது, "இனி எனக்குப் பாத்தியதை இல்லை" என்று ஒரு வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் பணத்தைத் தின்றுவிட்டார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. கேஸ் நிற்குமா? போலீசுக்குப் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"ஆதாரம் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு இந்த மாதிரி விவகாரத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இதே பயத்தோடுதான் வருகிறார்கள். திருடினார் என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. சொத்து அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது என்று காட்டினால் போதும். அதற்குப் பதிவான பத்திரம் இருக்கிறது. வரவு என்ன, செலவு என்ன, மீதி எங்கே என்று காட்ட வேண்டியது அவர் பாடு. ஒரு செலவுக்கு அவரால் கணக்குக் காட்ட முடியாவிட்டால் அது அவர் தலையில் விழும். 1882-ம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் 19-வது பிரிவு, டிரஸ்டி தெளிவான கணக்கு வைத்திருக்க வேண்டும், பயனாளி நியாயமான நேரத்தில் எப்போது கேட்டாலும் சொல்ல வேண்டும் என்கிறது. 57-வது பிரிவு, பத்திரத்தையும் கணக்கையும் பார்த்து நகல் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை தருகிறது. "கணக்கு கேட்க நீ யார்" என்ற கேள்விக்கு 140 வருடத்துக்கு முன்னாலேயே பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் தாத்தா ஒரே பத்திரத்தில் இரண்டு டிரஸ்டை எழுதிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கானது தனியார் டிரஸ்ட். பயனடைகிறவர்கள் இன்னின்னார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 1882 சட்டம் அதற்குத்தான். பானக்காரக் கடை வேறு கதை. அந்த அய்யனார் கோயில் இருக்கிற காரையாருக்குப் போகிற ஊர் பேர் தெரியாத சனங்கள்தான் அதன் பயனாளிகள். பொதுத் தர்மத்தில் டிரஸ்டி தவறினால் சாதாரணமாக உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில், அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட்டின் முன் அனுமதி வாங்கி, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி டிரஸ்டுக்கெல்லாம் அந்த வழிதான். ஆனால் இந்துத் திருவிழாவை ஒட்டிப் பொதுமக்களுக்குச் செய்கிற தர்மம், கோயிலோடு சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும், 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தச் சட்டம் 92-வது பிரிவை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் இரண்டாவது கடைக்கு அறநிலையத் துறை இணை ஆணையரிடம் தனி மனு. இரண்டையும் ஒரே பிராதில் (வழக்கு மனுவில்) கட்டிப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே இரண்டு வருடம் ஓட்டிவிடுவார். நானாக இருந்தாலும் ஓட்டுவேன்.

இன்னொன்று: அந்தக் கடையில் உங்கள் குடும்பத்துக்குப் பங்கு இல்லை. சொத்து பிரியும்போது அதையும் சேர்த்துப் பிரித்துவிடலாம் என்று உங்கள் பக்கத்து ஆட்களே கிளம்புவார்கள், பாருங்கள். அதற்கு இடம் கொடுத்தால் நீங்களும் பெரியப்பா செய்ததையே செய்தவர்கள் ஆவீர்கள்.

சரி, முதல் கடைக்கும் நிலத்துக்கும் பணத்துக்கும் வருவோம்.

நீங்கள் அனுப்பிய கணக்கு நோட்டுப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தா எழுதிய பக்கத்தில் மேலே பிள்ளையார் சுழி, கீழே "கார் 11 கோட்டை 6 மரக்கால், பிசானம் 14 கோட்டை" என்று இரண்டு போக நெல் அளவு, ஓரத்தில் உரத்துக்கும் நடுவைக்கும் கொடுத்த கூலி, அங்கங்கே அடித்துத் திருத்தல், ஒரு நாள் நீலம் ஒரு நாள் கறுப்பு. பெரியப்பாவின் 2003 முதல் 2011 வரையான பக்கங்கள் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு திருத்தம் கிடையாது. ஒன்பது வருடத்தை ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு கணக்கை முன்பு ஒரு வழக்கில் பார்த்தேன். 2006-ம் வருடச் செலவு என்று ஒரு நோட்டு தாக்கல் செய்தார்கள். ஒவ்வொரு தொகைக்கு முன்னாலும் அழகாக ₹ குறி. அந்தக் குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்! குறுக்கு விசாரணையில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஆகவே பெரியப்பா நோட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வாங்கி, பக்கம் விடாமல் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. டிரஸ்ட் பணத்தை டிரஸ்டி வியாபாரத்தில் போட்டால், 23-வது பிரிவு தேர்வை உங்கள் கையில் கொடுக்கிறது. அந்தப் பணத்தால் வியாபாரத்தில் கிடைத்த நிகர லாபத்தைக் கேட்கலாம். இல்லையென்றால் 6 சதவீதம் வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்த்துக் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். 3 லட்சத்துக்கு முழுதாகப் பத்து வருடம் மட்டும் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 5,41,800 ரூபாய் வருகிறது. எதைக் கேட்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கடையின் ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்குகளைக் கோர்ட் மூலம் வரவழைத்துப் பார்த்த பிறகு சொல்லலாம். ஹார்டுவேர் வியாபாரத்தில் லாபமே இல்லை என்று சாதிப்பார்கள். அப்போது வட்டி இருக்கிறது.

"நிலத்து மதிப்பை நான்தான் ஏற்றினேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றும் ஒரு வாதம் வரும். ஒரு தவற்றால் வந்த நஷ்டத்தை, வேறொரு தவற்றில் கிடைத்த லாபத்தைக் காட்டி டிரஸ்டி ஈடுகட்ட முடியாது. அது 24-வது பிரிவு. ஆனால் நியாயமாக அவர் கைப்பணத்திலிருந்து செலவழித்த வரி, வாய்க்கால் மராமத்து, கட்டட ரிப்பேர் இதெல்லாம் அவருக்குச் சேர வேண்டியது. அதை மறுக்காதீர்கள், நீதிபதி முன் நம் மதிப்பும் குறையும். சம்பளம் மட்டும் கேட்க முடியாது. பத்திரத்தில் எழுதியிருந்தாலொழிய டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது.

கடை வாடகையில் இரண்டு தப்பு. டிரஸ்ட் சொத்தை டிரஸ்டி தானே வாடகைக்கு எடுக்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பயனாளிகளுக்கு அதனால் வெளிப்படையான நன்மை இருந்தால்தான் அந்த அனுமதியும் கிடைக்கும். இரண்டாவது, யாருக்கு விட்டாலும் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட வேண்டும். 2,000-க்கும் 9,000-க்கும் வித்தியாசம் மாதம் 7,000, வருடத்துக்கு 84,000. ஆனால் இன்றைய வாடகையை வைத்துப் பின்னால் பத்து வருடத்துக்கும் பெருக்கிவிட்டு வராதீர்கள். அந்தந்த வருடம் அந்தத் தெருவில் என்ன வாடகை ஓடியது என்பதை மட்டும் நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். பக்கத்துக் கடைக்காரரிடம் பழைய வாடகை ஒப்பந்தங்கள் இருந்தால் ஜெராக்ஸ் கேளுங்கள். மனுஷன் சாட்சிக்கு வரத் தயங்குவார், காகிதம் தயங்காது.

மச்சினனுக்குப் போன 60 சென்ட்: பத்திரத்தில் விற்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இல்லை. டிரஸ்ட் சொத்து மூன்றாம் ஆள் கைக்குப் போனாலும் பின்னாலேயே போய்ப் பிடிக்கலாம் என்று 63-வது பிரிவு சொல்கிறது. தப்பிக்கிறவர், விவரம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவர் மட்டும். அக்காள் புருஷன்தான் டிரஸ்டி என்று இவருக்குத் தெரியாதா? போகட்டும், தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். 1991 பத்திரம் பதிவானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே நின்றிருக்கும். பார்க்காமல் வாங்கினேன் என்பது அவருக்குச் சாதகமான பதில் கிடையாது. அந்தக் கிரயம் பயனாளிகளைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையும் (கோர்ட்டின் அறிவிப்பும்) நிலத்தை மீட்டுத் தருகிற பரிகாரமும் அதே வழக்கில் கேட்கலாம். இப்போது அவர் வாழை போட்டிருக்கிறார் என்கிறீர்கள். தார் வெட்டட்டும். வரப்பில் போய் நின்று சண்டை போட வேண்டாம். வழக்குப் பதிவானபின் அவர் அதை வேறு யாருக்கு விற்றாலும் வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான்.

அடுத்து "பத்து வருஷம் ஆச்சு" என்ற மிரட்டல். ஊரில் பாதிச் சொத்து இந்த ஒரு வாக்கியத்தால் கை மாறியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்தை ஒப்படைக்கப்பட்ட டிரஸ்டியிடமிருந்து, அவர் கையில் இருக்கும் சொத்தையோ அதை விற்ற பணத்தையோ மீட்கவும், கணக்குக் கேட்கவும் காலக்கெடு எதுவும் கிடையாது. 1963-ம் ஆண்டு காலவரம்புச் சட்டம் 10-வது பிரிவு அப்படியே சொல்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்கியவருக்கு இது பொருந்தாது. அவரிடமிருந்து நிலத்தை மீட்க, கிரயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 வருடம். போன வருடம்தான் தெரியும் என்றால், எப்படித் தெரிந்தது என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். வில்லங்கச் சான்று வாங்கின ரசீது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளைத்தாளைப் பற்றித்தான் நீங்கள் ரொம்பப் பயந்திருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. நிலத்திலும் கடையிலும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாள், 50,000 வாங்கினதற்கு ரசீது. அதற்கு மேல் அதற்கு மரியாதை இல்லை. பயனாளி சம்மதித்தார் என்று டிரஸ்டி தப்பிக்க ஒரு வழி சட்டத்தில் உண்டுதான். அதற்கு, நடந்தது என்ன, தன் உரிமை என்ன என்று முழுதாகத் தெரிந்து, வற்புறுத்தல் இல்லாமல் நீங்கள் சம்மதித்திருக்க வேண்டும். 2016-ல் நடக்கப்போகிற கிரயத்துக்கு 2013-ல் எப்படிச் சம்மதிப்பது? ஆனால் அந்த 50,000-ஐ மறைக்காதீர்கள். பிராதில் நாமே சொல்லிவிட வேண்டும். கல்யாணச் செலவு டிரஸ்டின் நோக்கம்தானே, அது அவருக்கு முறையான செலவுதான்.

போலீஸ் பற்றி: நம்பிக்கை மோசடி குற்றம்தான். 2024 ஜூலை 1-க்கு முந்தைய செயல்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம், அதற்குப் பிந்தியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவு. புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், கணக்கு வெளியே வருவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போனால் "சிவில் தகராறு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தையே எதிர்த்தரப்பு நற்சான்றிதழ் மாதிரித் தூக்கிக்கொண்டு வரும். தண்டனை வந்தாலும் 60 சென்ட் திரும்பி வராது. சிவிலில் கணக்குக்கு உத்தரவு ஆகட்டும், பிறகு யோசிக்கலாம்.

செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் வக்கீல் நோட்டீஸ். இரண்டு டிரஸ்டிகளுக்கும் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகைச் சான்றோடு. பத்திர நகலும் 1998 முதலான கணக்கும் இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். திட்டி எழுதாதீர்கள், அந்த நோட்டீஸ் நாளைக்கு நீதிபதி படிக்கிற காகிதம். பதில் வராவிட்டால் அல்லது மழுப்பினால் வழக்கு. சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வாதிகளானால் நல்லது. வராதவர்களைப் பிரதிவாதியாகச் சேர்த்தே ஆக வேண்டும், பெரியப்பா மகன் உட்பட, அவனும் பயனாளிதானே. கேட்க வேண்டிய பரிகாரம்: கணக்கு, நஷ்டத்தை ஈடுசெய்தல், டிரஸ்டி நீக்கம், கிரயம் செல்லாது என்பது, கடைசியாகப் பாகப் பிரிவினை. பதினெட்டு வயது நிபந்தனை 2017-லேயே முடிந்துவிட்டதால் உங்களுக்குப் புது டிரஸ்டி தேடுவதைவிடச் சொத்து பிரிந்து கைக்கு வருவதுதான் முக்கியம். நீக்கத்தை இடைக்காலத்துக்காகக் கேட்கிறோம். ஒரு சின்னத் தவறுக்கெல்லாம் கோர்ட் டிரஸ்டியை நீக்காது. சொத்து அவர் கையில் இருந்தால் பயனாளிகளுக்குக் கேடு என்று தோன்ற வேண்டும். இங்கே தோன்றும்.

வழக்கோடு ஒரு தடையுத்தரவு மனு போட்டு மிச்ச நிலத்தை விற்காமல், அடமானம் வைக்காமல் நிறுத்த வேண்டும். ரிசீவர் (கோர்ட் சார்பில் சொத்தை நிர்வகிக்கிறவர்) போடச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் கோர்ட் அவ்வளவு சுலபமாகப் போடாது. கடை வாடகையும் குத்தகை நெல்லுக்கான பணமும் கோர்ட்டில் டெபாசிட் ஆகட்டும் என்று கேட்டால் அதைவிட எளிதாகக் கிடைக்கும். கணக்கு வழக்கில் இரண்டு தீர்ப்பாணை வரும். முதலில் கணக்கு ஒப்படைக்க முதல்நிலைத் தீர்ப்பாணை. அதன்பின் ஒரு வக்கீல் கமிஷனர் உட்கார்ந்து நோட்டு நோட்டாகப் பார்த்து அறிக்கை கொடுப்பார். அதன்மேல் எவ்வளவு பணம் என்று இறுதித் தீர்ப்பாணை. வாய்தா மேல் வாய்தா வரும், அதை மறைக்க எனக்கு மனமில்லை. பெரும்பாலான வழக்குகள் கமிஷனர் பேரேட்டைத் திறக்கிற கட்டத்தில்தான் சமரசத்துக்கு வருகின்றன. சமரசம் வந்தால் கோர்ட்டில் பதிவு செய்து முடித்துக்கொள்ளுங்கள். "ஊர்ப் பெரியவர்கள் மூவர் தீர்ப்பே இறுதி" என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறதாம், மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டிரஸ்ட் தகராறை அப்படி நடுவர் தீர்ப்புக்கு விட முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வரியைக் காட்டி யாரும் உங்களைக் கோர்ட் வாசலில் தடுக்க முடியாது.

கடைசியாக அந்த மாமா. "நல்ல மனுஷன், ரிட்டயர்டு வாத்தியார், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார், அவரை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விட முடியாது. ஒப்புக்காக ஒரு ரசீதில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட டிரஸ்டியை, பணம் தன் கைக்கு வரவில்லை என்று அவர் காட்டினால், அந்தக் கையெழுத்துக்காக மட்டும் சட்டம் பிடிக்காது. ஆனால் சொத்தைச் சக டிரஸ்டியிடம் விட்டுவிட்டு என்ன ஆயிற்று என்று விசாரிக்காமல் இருந்தாலும், தவறு தெரிந்த பிறகு சும்மா இருந்தாலும் அவரும் பொறுப்பு. அதுவும் பாதிக்கு இல்லை, முழு நஷ்டத்துக்கும். 60 சென்ட் கிரயத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. கோர்ட் அவரிடமிருந்து வசூலித்தால், அவர் பெரியப்பாவிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளலாம். தவறில் குறைந்த பங்குள்ளவருக்கு அந்த உரிமை 27-வது பிரிவில் இருக்கிறது. எழுபது வயதில் ஒரு வாத்தியாருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று தெரியவில்லை.

அதனால் நோட்டீஸ் போவதற்கு முன் ஒரு தடவை அவரை நேரில் போய்ப் பாருங்கள். அத்தையும் கூட இருக்கட்டும். தவறு தெரிந்ததும் தாமதிக்காமல் சொத்தைக் காப்பாற்ற அவர் முயன்றால் கோர்ட் அவரைப் பார்க்கிற விதமே வேறாக இருக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் பெயருக்கு வந்த பேங்க் கடிதங்கள், பழைய குத்தகைச் சீட்டுகள், எதையும் எறியாமல் வைத்திருக்கும் வாத்தியார் பழக்கம் அவருக்கு இருந்தால் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதைத் திறக்கச் சொல்லுங்கள். வரும்போது வில்லங்கச் சான்றை 1991-லிருந்து போட்டுக் கொண்டுவாருங்கள், மூன்று சொத்துக்கும் தனித்தனியாக.